சிறு கடைக்காரரும் செய்தித்தாளும்: வணிகர்க்கு ஒரு பாடம்



பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பூக்கடை தெருமுனையில் இருக்க வேண்டும். காற்றும் வீச வேண்டும். இன்று சிங்கப்பூரில் நம்மவர்களின் கடைகள் பல, அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில், தூண்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றன. அங்கே எத்தனை மணமுள்ள சரக்கு இருந்தாலும் அடுத்த புளோக்கில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. வாடகை மட்டும் மறவாமல் மாதந்தோறும் வந்துவிடுகிறது.

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து மஃரிபுத் தொழுகைக்குப் பின் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கடை திறந்துள்ள இளைஞர் மூவர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். “காக்கா, உங்கள் கடை பத்திரிகையில் வந்ததே, எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று கேட்டனர். ஒரு காசும் கொடுக்கவில்லை என்றோம். அவர்கள் நம்பவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவும், அதில் நாம் செய்த ஒரு பெரும் பிழையைச் சொல்லவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். நாம் பெரிய படிப்பாளி அல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தந்த எழுத்தோடு கல்லாப்பெட்டி தந்த அனுபவத்தைச் சேர்த்து எழுதுகிறோம். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணிகமும் பத்திரிகையும்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் பத்திரிகையும் வணிகமும் பழைய உறவுக்காரர்கள். 1845ஆம் ஆண்டு ஜூலை 15இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதன்முதலாக வெளிவந்தபோது அதன் முழுப் பெயரிலேயே ‘வணிக ஏடு’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தது.

நம் சமுதாயத்திற்கும் இத்துறையில் பங்குண்டு. 1876இல் இங்கே தொடங்கிய முதல் மலாய்ப் பத்திரிகையான ஜாவி பெரானாக்கான், இந்திய முஸ்லிம்களின் வழிவந்தவர்களால் நடத்தப்பட்டது. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் சிங்கை நேசன் என்னும் தமிழ் வார ஏட்டைத் தொடங்கினார்கள். 1935இல் கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாள்தோறும் வருகிறது. ஆகவே, பத்திரிகைக்கு எழுதுவதென்றால் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல் கூச்சப்பட வேண்டியதில்லை.

1. விளம்பரம் வேறு, செய்தி வேறு

விளம்பரம் என்பது நாம் விலைக்கு வாங்கும் இடம். அதில் எழுதுவது நம் சொல். படிப்பவருக்கும் அது தெரியும். ஆகவே பாதி நம்புவார், பாதி சிரிப்பார். செய்தி என்பது விற்பனைக்கு இல்லாத இடம். அதில் எழுதுவது நிருபரின் சொல். அதனால்தான் அதற்கு மதிப்பு. அந்த மதிப்பு வேண்டுமானால், எழுதும் உரிமையை அவருக்கே விட்டுவிட வேண்டும். “அச்சாகுமுன் எமக்குக் காட்டுங்கள்”, “இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று அதிகாரம் செய்யலாகாது. பெயர், விலை, ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லலாம். அவ்வளவே நம் எல்லை.

நம் கடைக்கு வந்த நிருபர் புறப்படும்போது ஒரு பை நிறைய மசாலாப் பொட்டலங்களை நீட்டினோம். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பலாமா என்ற எண்ணம்தான். அவர் தேநீரை மட்டும் குடித்துவிட்டு, “வேண்டாம் அண்ணன், வாங்கினால் எழுத முடியாமல் போகும்” என்று சொல்லிச் சென்றார். முதலில் நமக்கு மனவருத்தம். பிறகு வெட்கம். நாம் உபசாரம் என்று நினைத்ததைப் பிறர் வேறு பெயரால் அழைக்கக்கூடும் என்று அப்போதுதான் விளங்கியது. நம் மார்க்கம் லஞ்சத்தில் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒன்றாகவே கண்டிக்கிறது.

2. எது செய்தி?

நாம் முதலில் எழுதிய கடிதம் இது: “எங்கள் கடையில் தரமான மளிகைச் சாமான்கள் நியாயமான விலையில் கிடைக்கும்.” மூன்று மாதம் காத்திருந்தோம். பதில் இல்லை. சிறியவர்களை மதிப்பதில்லை என்று கோபித்துக்கொண்டோம். பிறகு யோசித்தோம். எந்தக் கடைக்காரர்தான் தம் கடையில் மட்டமான சரக்கு அநியாய விலைக்குக் கிடைக்கும் என்று எழுதுவார்? எல்லோரும் சொல்வது செய்தியாகாது. படிப்பவருக்கு நேற்றுவரை தெரியாத ஒன்று இன்று தெரியவேண்டும். அதுவே செய்தி.

நம் கடையில் செய்தி உண்டா என்று பார்க்க நான்கு படிக்கற்கள் வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

முதலாவது காலம். நார்த் பிரிட்ஜ் சாலையில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள ஜம்ஜம் உணவகத்தைப் பற்றி யார் எழுதினாலும், 1908இல் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் விடுவதில்லை. முர்தபா பல கடைகளில் கிடைக்கும். அந்த ஆண்டு கிடைக்குமா? நம் கடைகளுக்கும் ஆண்டுகள் உண்டு. பழைய உரிமப் பத்திரம், பழைய சிட்டை, அத்தா காலத்துப் படம் ஆகியவற்றைக் குப்பையில் போடாதீர்கள். ஆனால், தாளில் இருக்கும் ஆண்டையே சொல்லுங்கள்; ஒரு தலைமுறையை மூன்றாக்க வேண்டாம்.

இரண்டாவது மனிதர். முப்பது வருடம் ஒரே தராசடியில் நின்ற வேலைக்காரர், படிப்பை முடித்துவிட்டுத் தந்தையின் கடைக்கே திரும்பிய மகள், வீட்டில் வைத்த ஊறுகாயை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படிப்பவர் சாமான்களை மறந்துவிடுவார், மனிதரை மறக்கமாட்டார்.

மூன்றாவது பயன். நம் தொழிலறிவு இல்லத்தரசிக்கு உதவவேண்டும். நல்ல ஏலக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது, மசாலாத் தூளை எப்படி வைத்தால் மணம் போகாது என்பவை நமக்குச் சாதாரணம். வாசகருக்கு அவை புதிது.

நான்காவது மாற்றம். உலகத்தில் எங்கோ நடப்பது நம் அலமாரியில் வந்து நிற்கிறது. 2023 ஜூலை 20இல் இந்தியா, பாசுமதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெங்காயத்திற்கும் தடை வந்தது. அப்போது ‘விலை ஏறுமா, சரக்கு இருக்கிறதா’ என்பது ஒவ்வொரு வீட்டின் கேள்வியாயிற்று. அதற்கு மூட்டையைத் தினமும் அவிழ்ப்பவர் பதில் சொல்வதே பொருத்தம். அப்படிப்பட்ட நாளில் தெளிவாகப் பேசத் தெரிந்த கடைக்காரரைப் பத்திரிகைகள் தேடி வரும்.

3. யாருக்கு, எப்போது?

எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது, எல்லா வாடிக்கைக்காரருக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பது போலாகும். தமிழ் முரசு வாசகருக்கு வேண்டியது ஒன்று. மலாய் மொழியில் வரும் பெரித்தா ஹரியான் வாசகருக்கு வேண்டியது வேறொன்று. ஒலி 96.8 வானொலிக்குக் காதால் கேட்டு ரசிக்கும் கதை வேண்டும். வசந்தம் தொலைக்காட்சிக்குக் கண்ணால் காணும் காட்சி வேண்டும். மசாலா வறுபடும் நேரத்தைச் சொன்னால்தான் அவர்கள் படம் பிடிக்க வரமுடியும். முதலில் இரண்டு வாரம் அந்த ஏட்டை வாங்கிப் படியுங்கள். கடைகளைப் பற்றி, சமூகத்தைப் பற்றி எழுதும் நிருபர் யார் என்று பெயரைப் பார்த்து, அவருக்கே எழுதுங்கள். தாம் வாங்கிப் படியாத பத்திரிகையில் தம் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்படுவது என்ன நியாயம்?

காலமும் முக்கியம். நோன்பு பிறந்தபின் நோன்புக் கஞ்சியைப் பற்றி எழுதினால் நிருபர் கையில் ஏற்கெனவே பத்துக் கடைகள் இருக்கும். மூன்று அல்லது நான்கு வாரம் முன்பே எழுதவேண்டும். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. ஆகவே, சென்ற ஆண்டுத் தேதியைப் பார்த்துக் கணக்கிட்டால் பிந்திவிடுவீர்கள்.

4. கடிதம் எழுதும் முறை

ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டாம். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் பதில் இருக்கட்டும். மிக முக்கியமானதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நாம் இரண்டாம் முறை எழுதியது ஏறக்குறைய இவ்விதம் இருந்தது:

“ஐயா, எங்கள் கடையில் நோன்புக் கஞ்சிக்கான மசாலாவை என் தகப்பனார் எழுதிவைத்த அளவின்படி இன்றும் கலந்து அரைக்கிறோம். அவர் கைப்பட எழுதிய சிட்டை எங்களிடம் இருக்கிறது. நோன்புக்கு முந்தைய மூன்று வாரமும் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை இந்த வேலை நடக்கும். தாங்கள் வந்து பார்க்கலாம். படம் எடுக்கவும் தடையில்லை.”

இதன் கீழே கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி, மங்கலில்லாத இரண்டு படங்களை மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பினோம். ‘தலைசிறந்த’, ‘ஈடு இணையற்ற’ என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு முறை மரியாதையாக விசாரித்தோம். நிருபர் வந்தார். இது 2023இல் நோன்புக்கு முன் நடந்தது.

5. நிருபர் வந்தபோது நாம் செய்த பிழை

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி.

நிருபர் நல்ல பிள்ளை. பொறுமையாகக் கேட்டார். சிட்டையைப் பார்த்தார். பிறகு அலமாரியைக் காட்டி, “எல்லா மசாலாவும் இங்கேதான் அரைப்பதா?” என்று கேட்டார். உண்மை என்னவென்றால், கஞ்சி மசாலாவும் பிரியாணி மசாலாவும் மட்டுமே நம் கடையில் அரைப்பவை. மல்லித்தூளும் மஞ்சள்தூளும் மொத்த வியாபாரியிடமிருந்து மூட்டையில் வருபவை. அதில் இழிவு ஒன்றுமில்லை. சரக்கும் நல்ல சரக்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் நாவு பெருமையின் பக்கம் சாய்ந்துவிட்டது. “ஆமாம், எல்லாம் இங்கேதான்” என்று சொல்லிவிட்டோம்.

செய்தி வந்தது. தெரியாத முகங்கள் எல்லாம் கடைக்கு வந்தன. கல்லாப்பெட்டி நிறைந்தது. இரண்டு மாதத்தில் வாடகை ஒப்பந்தம் முடிய இருந்த நேரம் அது. கடையை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தூக்கம் இழந்திருந்த நேரம். வந்த கூட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கினோம்.

மூன்றாம் நாள், இருபது வருடமாக நம்மிடம் சாமான் வாங்கும் ஒரு பெரியம்மா வந்தார்கள். பத்திரிகைத் துண்டு கையில் இருந்தது. பேரப்பிள்ளை படித்துக் காட்டியதாம். “சந்தோஷம் தம்பி” என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மல்லித்தூள் மூட்டையை நீ அவிழ்க்கும்போது நான் எத்தனை தடவை பக்கத்தில் நின்றிருக்கிறேன்” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் கால் கிலோ மல்லித்தூள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிரவு மகனிடம் சொன்னோம். “அத்தா, யாருக்குத் தெரியப்போகிறது? ஒப்பந்தம் முடியும் வரையாவது பேசாமல் இருங்கள்” என்றான். அவன் சொன்னதில் கணக்கு இருந்தது. ஆனால், மதரஸாவில் ஓதிய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்துவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அந்தத் தானியமும் விலை போகக்கூடியதுதான். ஈரத்தை மறைத்ததுதான் குற்றம். நம்முடைய மல்லித்தூளும் அப்படித்தான் என்று உணர்ந்தோம்.

மறுநாள் சுபுஹுத் தொழுதுவிட்டு, நிருபரை அழைத்து உண்மையைச் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. “சொன்னதற்கு நன்றி” என்றார். இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில் மூன்று வரியில் திருத்தம் வந்தது. நாமும் அலமாரியில் ஓர் அட்டை எழுதி வைத்தோம்: இவை இங்கே அரைத்தவை, இவை வாங்கி விற்பவை என்று. அட்டை இன்றும் இருக்கிறது.

உண்மையைச் சொன்னதால் வியாபாரம் இரட்டிப்பாயிற்று என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. கூட்டம் குறையவே செய்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டார் தம் காப்பு இரண்டை அடகு வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த ஜூலையில் அரிசித் தடை வந்தபோது, அதே நிருபர் தாமே அழைத்தார். “நீங்கள் கூட்டிச் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும்” என்றார். தடை பாசுமதிக்கும் புழுங்கல் அரிசிக்கும் இல்லை, நம் கடையில் இத்தனை மூட்டை இருக்கிறது, யாரும் வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று உள்ளதைச் சொன்னோம். அந்த ஒரு வரிக்கு நாம் கொடுத்த விலை முன்பே கொடுத்ததாகும்.

6. சொல்லக்கூடாதவை நான்கு

ஒன்று: கடைக்காரர் முஸ்லிம் என்பதும், முயிஸ் அமைப்பின் ஹலால் சான்றிதழ் பெற்ற கடை என்பதும் ஒன்றல்ல. சான்றிதழ் இல்லாதவர் இருப்பதாகச் சொல்வது மார்க்கத்திலும் குற்றம், இந்நாட்டுச் சட்டத்திலும் குற்றம். நிருபர் இரண்டையும் குழப்பி எழுதாதபடி நாமே தெளிவாகச் சொல்லவேண்டும்.

இரண்டு: கருஞ்சீரகம், தேன், பேரீச்சம்பழம் விற்பவர்கள் கவனிக்க. அவற்றின் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால், நம் பொட்டலம் இன்ன நோயைக் குணப்படுத்தும் என்று கூறி விற்பதை இந்நாட்டின் உணவு விதிகள் தடுக்கின்றன. ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டு நம் சொல்லை நம்பினால் அதற்கு யார் பொறுப்பு? தவிரவும், வாங்குவோரை ஏமாற்றும் பொய்க்கூற்றுக்கு எதிராக 2003ஆம் ஆண்டிலேயே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

மூன்று: பயத்தைப் பரப்பாதீர்கள். 2020 பிப்ரவரி 7இல் நோய்த்தொற்று எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்ந்த அன்று, மக்கள் கடைகளில் அரிசியையும் நூடல்ஸையும் அள்ளிச் சென்றதை நாம் கண்ணால் பார்த்தோம். “நாளை சரக்கு இருக்காது” என்று ஒரு கடைக்காரர் பத்திரிகையில் சொன்னால் அன்று விற்பனை கூடும். ஏழை வீட்டில் உலை ஏறாது. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. கேட்பவருக்கே அந்தக் கடமை இருக்குமானால், சொல்பவருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்!

நான்கு: பக்கத்துக் கடையைப் பழிக்க வேண்டாம். நம் நெல்லை அளக்கப் பிறர் மரக்காலை உடைப்பானேன்?

7. கைத்தொலைபேசிக் காலத்து விமர்சகர்கள்

இக்காலத்தில் சமூக ஊடகத்தில் படம் பிடித்துப் போடும் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களில் நேர்மையானவர் பலர். ஆனால் காசோ இலவசச் சாப்பாடோ பெற்றுக்கொண்டு புகழ்ந்தால் அது விளம்பரம், செய்தியன்று. காசு வாங்கிச் சொல்வதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வழிகாட்டி வெளியிட்டுள்ளது. ஆகவே, கொடுப்பதானால் கொடுங்கள். கொடுத்ததை மறைக்கச் சொல்லாதீர்கள். உறவினரைக் கொண்டு பொய்யான பாராட்டு எழுதவைப்பதும் ஈரத்தை மூடிய குவியல்தான்.

8. செய்தி வந்த பின்

கூட்டம் வரும் என்று எண்ணிச் சரக்கும் ஆளும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விலையை அன்றைக்கென்று ஏற்றாதீர்கள். எல்லாவற்றிலும் மேலாக, பழைய வாடிக்கைக்காரரைப் புதுக் கூட்டத்தின் பின்னால் நிற்க வைக்காதீர்கள். செய்தி ஒரு வாரம் பேசும். பெரியம்மா இருபது வருடம் வருவார்கள். பத்திரிகைத் துண்டைச் சட்டமிட்டு மாட்டுவோர், அதில் திருத்தம் வந்திருந்தால் அதையும் சேர்த்து மாட்டட்டும். நம் கடையில் இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன.

கடைசியாக நிய்யத். பெயருக்காகச் செய்தால் அது ரியா ஆகிவிடாதா என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. ஹலாலான தொழிலைப் பிறர் அறியச் செய்வதில் தவறில்லை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை மறைக்காமல் இருந்தால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நாம் ஓதியது. கடையை உலகுக்குக் காட்டுங்கள். உள்ளது உள்ளபடி காட்டுங்கள்.

அந்த இளைஞர் மூவரும் தம் கடிதங்களை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்திற்கு வரட்டும். சேர்ந்து உட்கார்ந்து ‘ஈடு இணையற்ற’ என்ற சொற்களை அடித்துத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.